லண்டனில இருந்து வந்த சாம்பல் டப்பா: பிள்ளையின்ர குண்டிச் சிவப்புக்கு எவ்வளவு கை குடுத்தது

சுடோகிறெம் எண்டு ஒரு கிறீம், சாம்பல் நிற பிளாஸ்டிக் டப்பா, லண்டனில சொந்தக்காரர் இருக்கிற வீடுகளில கட்டாயம் கண்டிருப்பியள். சித்தி அனுப்பின பார்சலில 125 கிராம் டப்பா ஒண்டு எங்களுக்கும் வந்தது, மகளுக்கு அப்ப 5 மாதம். இப்ப அவளுக்கு 10 மாதம். இடையில ரெண்டு தரம் அவளுக்கு பம்பஸ் போடுற இடம் சிவந்து புண்ணாகினது. முதல் தரம் இந்தக் கிறீம் பூசி 3 நாளில மாறிச்சு, ரெண்டாம் தரம் இதே கிறீமை அப்பி அப்பிப் பூசியும் மாறேல்ல, இன்னும் கூடினதுதான் மிச்சம். ஏன் எண்டு எனக்கு விளங்கிறதுக்கு ஒரு கிழமை போச்சு, அந்த ஒரு கிழமையும் பிள்ளை ராவு ராவா குளறினவள். வேற ஒரு தாய்க்கு அந்த ஒரு கிழமை வரக்கூடாது எண்டுதான் இதை இவ்வளவு நீட்டா எழுதிறன்.

முதல் தரம் நடந்ததைச் சொல்லுறன். நாங்கள் வன்னியில விசுவமடுப் பக்கம், வீட்டுத்திட்ட வீடு, மேல சீற், சோளகம் அடிக்கிற காலத்தில வெளியில புழுதி, உள்ளுக்க வெக்கை, ஃபேன் போட்டாலும் சுடுகாத்துத்தான் வரும். அந்த நேரம் நான் அவளுக்கு பகலும் பம்பஸ் ராவும் பம்பஸ். அதுவும் உண்மையைச் சொன்னா ஒரு பம்பஸை நல்லா வீங்கித் தொங்கும் வரைக்கும் விட்டிருக்கிறன், ஏனெண்டா விலை அப்பிடி, இவர் மேசன் வேலைக்குப் போய் வாற காசில ஒரு பைக்கற் வாங்கினா அதை 10 நாளாவது இழுக்க வேணும் எண்டு நினைக்கிறது பிழையான நினைப்பில்லை, எங்கட பக்கம் எல்லா வீட்டிலயும் இதுதான் நடக்குது. ஒரு நாள் விடிய கழட்டினா குண்டி ரெண்டு பக்கமும் தொடையின்ர மேல்ப்பக்கமும் செக்கச்செவேல் எண்டு கிடக்கு, தொட்டா சுடுது, தண்ணி பட்டவுடன பிள்ளை ஓவெண்டு கத்துறாள்.

அப்பதான் பார்சலில வந்த டப்பா ஞாபகம் வந்தது. திறந்தா தடிப்பான வெள்ளைக் கிறீம், லேசா லவெண்டர் வாசம். விரலால எடுத்து அள்ளி அப்பினன். மத்தியானம் பாத்தா சிவப்பு அப்பிடியே கிடக்கு. பின்னேரம் கிளினிக்கில இருந்து எங்கட ஏரியா மிட்வைஃப் மிஸ் வீட்டுக்கு வந்தவா, பிள்ளையின்ர கார்ட்டைப் பாத்திட்டு குண்டியைக் காட்டச் சொன்னா. காட்டினன். டப்பாவை வாங்கிப் பாத்திட்டு சொன்னா, "தங்கச்சி, நல்ல கிறீம்தான், ஆனா இது வேலி. நீ மாட்டை வளவுக்குள்ள விட்டிட்டு வேலி அடைச்சிருக்கிறாய்" எண்டு.

எனக்கு முதல் விளங்கேல்ல. பிறகு இருத்தி வைச்சு விளங்கப்படுத்தினா. இந்தக் கிறீமில இருக்கிற முக்கியமான சாமான் சிங்க் ஒக்சைட், 15.25 வீதம் இருக்கு, டப்பாவின்ர பின்பக்கத்தில சின்ன எழுத்தில போட்டிருக்கு. அது தண்ணியில கரையாது, தோலுக்கு மேல ஒரு படை மாதிரி நிண்டு சலமும் மலமும் தோலில படாமல் தடுக்கும். அவ்வளவுதான் அதின்ர வேலை. நான் செய்தது என்னெண்டா, ஈரத் துணியால அவசரமா ஒரு துடை துடைச்சிட்டு ஈரம் காயமுதலே மேல கிறீமை அப்பி, உடன அடுத்த பம்பஸை இறுக்கிக் கட்டினது. ஈரமும் அழுக்கும் உள்ளுக்க, வேலி வெளியில.

தோல் எப்பிடிப் புண்ணாகுது எண்டதையும் மிஸ் சொன்னா, எனக்கு அது பெரிய ஆச்சரியம். நான் சலம்தான் சுடுது எண்டு நினைச்சிருந்தன். சலத்தால மட்டும் இவ்வளவு வராதாம். ஈரத்தில ஊறி ஊறி தோல் மெதுமெதுத்துப் போகும், வயல் தண்ணிக்குள்ள கனநேரம் நிண்டா கால் வெளிறிச் சுருங்கிற மாதிரி. பிறகு சலமும் மலமும் ஒண்டாச் சேர, மலத்தில இருக்கிற கிருமி சலத்தில இருக்கிற யூரியாவை அமோனியாவா மாத்தும், பழைய துணியை மூடி வைச்சா மூக்கில அடிக்குமெல்லோ அந்த நாத்தம்தான். அந்த அமோனியாவால தோலின்ர இயல்பான அமிலத்தன்மை குறையுது, குறைஞ்சவுடன மலத்தில இருக்கிற சமிபாட்டு நொதியங்கள் இன்னும் உசாரா தோலையே அரிக்கத் தொடங்குது. பம்பஸ் உரசுறது அதுக்கு மேல. அதாலதான் சலம் போன பம்பஸை கொஞ்ச நேரம் விட்டாலும், கக்கா இருந்ததை ஒரு நிமிசமும் விடக்கூடாது. வயித்தோட்டம் வந்தா கெதியாப் புண்ணாகிறதும் இதாலதான். தாய்ப்பால் மட்டும் குடிக்கிற பிள்ளையளுக்கு மலத்தில அந்தக் காரம் குறைவு, சாப்பாடு தொடங்கினாப் பிறகுதான் கனபேருக்குக் கூடுது, 9 மாதத்துக்கும் 12 மாதத்துக்கும் இடையிலதான் உச்சமாம்.

பிறகு மிஸ் சொன்ன மாதிரிச் செய்தன். இளஞ்சூட்டுத் தண்ணி, பஞ்சு, சோப் இல்லை. முன்னுக்கிருந்து பின்னுக்குத்தான் துடைக்க வேணும், பொம்பிளைப் பிள்ளையெண்டா அது கட்டாயம், மாறித் துடைச்சா மலம் சலவாசலுக்குப் போய் வேற வருத்தம் வரும். தேய்க்காமல் மெல்லிய துணியால ஒத்தி எடுத்து, விறாந்தையில பாயில பழைய சீலையை நாலா மடிச்சுப் போட்டு, பிள்ளையை அப்பிடியே வெறும் உடம்போட 10, 15 நிமிசம் காத்தாட விட்டன். ஒரு நாளைக்கு 4, 5 தரம். சீலை நனைஞ்சா நனையட்டும், தோய்ச்சாப் போச்சு. நல்லாக் காய்ஞ்சாப் பிறகு கிறீம். பம்பஸை தளர்வாக் கட்டி 2, 3 மணித்தியாலத்துக்கு ஒருக்கா மாத்தினன். 3ம் நாள் விடிய சிவப்பு முழுக்க வத்திப்போச்சு.

அப்ப இது கிறீமின்ர வேலையா காத்தின்ர வேலையா எண்டு கேட்டா, எனக்கு இப்பவும் காத்தின்ர வேலை கூட எண்டுதான் படுது. ஆனா ராவில பிள்ளையைக் காத்தாட விட ஏலாது, 5, 6 மணித்தியாலம் நித்திரை கொள்ளேக்க இந்தக் கிறீம் உண்மையாவே காவல் நிக்குது, அதை நான் கண்ணால பாத்தனான்.

கிறீமைப் பற்றி இன்னும் சொல்ல வேண்டியது இருக்கு. இது புது ஐற்றம் இல்லை, 1931ல டப்ளினில ஒரு மருந்தாளர் செய்தது, முதலில அவற்ற பெயரிலதான் இருந்தது, இந்தப் பெயர் பிறகு வந்தது. தடிப்பா இருக்கிறதால பரவாது எண்டு சில பேர் குறை சொல்லுவினம், எனக்கு அந்தத் தடிப்புத்தான் பிடிச்சிருக்கு, நிண்டு பிடிக்குது. நாளாந்தம் பூசுறதெண்டா மெல்லிசாப் போதும், சிவந்திருந்தா மட்டும் கீழ தோல் தெரியாத அளவுக்கு கேக்குக்கு ஐசிங் பூசுற மாதிரித் தடிப்பாப் பூசுங்கோ. முக்கியமான விசயம், அடுத்த தரம் மாத்தேக்க பழைய கிறீம் முழுதையும் சுரண்டி எடுக்கத் தேவையில்லை. நான் முதல் நாள் தேய்ச்சுத் தேய்ச்சு எடுத்துத்தான் இன்னும் புண்ணாக்கினன். மலம் பட்ட மேல்ப்படையை மட்டும் மெதுவா எடுத்திட்டு அதுக்கு மேலயே புதுசைப் பூசலாம். எல்லாத்தையும் எடுக்கத்தான் வேணும் எண்டா பஞ்சில கொஞ்சம் பேபி ஒயில் நனைச்சு எடுத்தா இலேசா வரும். மலம் தொட்ட கையை டப்பாவுக்குள்ள விடாதேங்கோ, நான் ஒரு சின்னக் கரண்டி வச்சிருக்கிறன். பிறகு 25 பாகைக்கு மேல வைக்க வேண்டாமாம், வன்னியில அப்பிடி ஒரு இடத்தை எங்க தேடுறது, குடிதண்ணிப் பானைக்குப் பக்கத்தில நிலத்தில வச்சிருக்கிறன், அதுதான் எங்கட வீட்டில குளிர்ச்சியான இடம். இதில லனோலின் இருக்கு, செம்மறி ஆட்டுக் கம்பளியில இருந்து எடுக்கிற மெழுகு, வாசனையும் இருக்கு, சில பிள்ளையளின்ர தோலுக்கு ஒத்துவராது. அதால முதல் தரம் தொடையில ஒரு சின்ன இடத்தில பூசி ஒரு நாள் பாருங்கோ.

லண்டனில ஆக்கள் இல்லையெண்டு ஒருதரும் யோசிக்கத் தேவையில்லை. கிளிநொச்சியிலயும் வவுனியாவிலயும் பெரிய பாமசியளில சிங்க் ஒக்சைட் போட்ட கிறீம் வேற பெயரில கிடைக்குது, வேலை ஒண்டுதான். கனடாவில இருந்து வாற டெசிட்டின் எண்டதில 40 வீதம் போட்ட ஒண்டும் இருக்கு, என்ர மச்சாள் அதைப் பாவிக்கிறா, சரியான தடிப்பு, நல்லாச் சிவந்த நேரத்துக்கு நல்லம். ஒண்டுமே இல்லையெண்டா வெறும் வஸ்லினும் போதும், சிவக்க முதலே ஒவ்வொரு தரமும் மெல்லிசாப் பூசி வந்தா அதுவும் ஒரு வேலிதான். தேங்காயெண்ணெயை என்ர அம்மா விடமாட்டா, நான் அதைக் குளிக்க வாக்க முதல் உடம்புக்குப் பூசுறன், ஆனா பம்பஸுக்குள்ள அது கனநேரம் நிக்காது.

பவுடர் மட்டும் வேண்டவே வேண்டாம். இதில எனக்கும் மாமிக்கும் நாலு நாள் கதை பேச்சில்லை. எங்கட பக்கம் பிள்ளையைக் குளிக்க வாத்தா முகத்தில இருந்து கவட்டு வரைக்கும் பவுடர் கொட்டினாத்தான் குளிப்பாட்டினதுக்கு அடையாளம். அந்தப் பவுடர் சலத்தில நனைஞ்சு தொடை இடுக்கில கட்டி கட்டியா நிண்டு அராவும், கொட்டேக்க பறக்கிற தூள் பிள்ளையின்ர நெஞ்சுக்குள்ள போகும். மிஸ் வந்து சொன்னாப் பிறகுதான் மாமி டின்னை எடுத்து உள்ளுக்க வச்சவா. அதே மாதிரி வேப்பிலை மஞ்சள் அரைச்சுப் பூசச் சொன்ன ஆக்களும் இருக்கினம், அன்பிலதான் சொல்லுகினம், ஆனா உரிஞ்ச தோலில அது எரியும், பெரிய ஆக்களே தாங்கமாட்டினம்.

இப்ப ரெண்டாம் தரம். பிள்ளைக்கு 8 மாதம் முடியேக்க சளி நெஞ்சில இறங்கி காய்ச்சல், அன்ரிபயோற்றிக் பாணி 5 நாள் குடுத்தது. காய்ச்சல் விட்டிச்சு, வயிறு இளகிச்சு, ரெண்டு நாளில திரும்பச் சிவப்பு. நான் பயப்பிடேல்ல, அதுதான் டப்பா இருக்கெண்டு போன தரம் மாதிரியே கழுவி, காயவிட்டு, பூசி எல்லாம் ஒழுங்காச் செய்தன். 3 நாளாச்சு, மாறேல்ல. வடிவாப் பாத்தா இந்தத் தரம் சிவப்பு வேற மாதிரி. போன தரம் பம்பஸ் உரசுற மேடான இடங்கள்தான் சிவந்தது, இடுக்குக்குள்ள தோல் நல்லா இருந்தது. இந்தத் தரம் இடுக்குக்குள்ளதான் கடுஞ்சிவப்பு, பச்சை இறைச்சி மாதிரி, கரையைச் சுத்தி வெளியில சின்னச் சின்ன சிவப்புப் பொட்டுகள் சிதறினாப் போல.

இந்த வித்தியாசத்தை தயவுசெய்து மனசில வச்சிருங்கோ. இடுக்குக்குள்ள சிவப்பும் சுத்திவர பொட்டும் எண்டா அது பங்கஸ், கன்டிடா எண்டு சொல்லுறது. ஈரச் சிவப்பு ரெண்டு மூண்டு நாளுக்கு மேல இழுத்தாலும் அதுக்கு மேல இது தொத்தும், அன்ரிபயோற்றிக் குடிச்ச பிள்ளையளுக்கு இன்னும் கெதியா வரும், ஏனெண்டா வயித்துக்குள்ள பங்கஸை அடக்கி வச்சிருக்கிற நல்ல கிருமியளையும் அந்த மருந்து சாக்கொண்டுபோடும். பங்கஸுக்கு வேலி மட்டும் காணாது, அது ஏற்கனவே வளவுக்குள்ள நிக்குது.

எனக்கு அப்ப இது தெரியாது. இவர் வேலை முடிஞ்சு வாற வழியில ஒரு மருந்துக்கடையில "பிள்ளைக்குச் சிவந்திருக்கு" எண்டு கேட்டிருக்கிறார், ஆர் எவர், எத்தினை மாதம், எங்க சிவந்தது ஒண்டும் கேக்காமல் ஒரு ரியூப்பை எடுத்துக் குடுத்திருக்கினம். பூசினன். முதல் நாள் சிவப்பு அப்பிடியே மங்கிச்சு, நான் சந்தோசத்தில எல்லாருக்கும் சொன்னன். நாலாம் நாள் முந்தினதை விட மோசம், தோல் மினுமினுத்து மெல்லிசாப் போன மாதிரி. அந்த ரியூப்பைத் தூக்கிக்கொண்டு மிஸ்ஸிட்ட ஓடினன். அது பங்கஸ் மருந்தும், ஸ்ரீரொயிட் எண்டு வீக்கம் சிவப்பை அமத்துற கடுமையான மருந்தும் கலந்த கிறீம். ஸ்ரீரொயிட் சிவப்பை மட்டும் மறைக்கும், உள்ளுக்க பங்கஸுக்கு அது வாய்ப்பு. பெரிய ஆக்களுக்குப் பூசுற மாதிரி பிள்ளைக்குப் பூச ஏலாது, பிள்ளையின்ர தோல் மெல்லிசு, அதுக்கு மேல பம்பஸைக் கட்டினா மூடிவச்ச மாதிரி மருந்து இன்னும் கனக்க உள்ளுக்க இழுபடும். டொக்டர் பாத்துச் சொல்லாமல் ஸ்ரீரொயிட் கலந்த எந்தக் கிறீமும் பிள்ளையின்ர கவட்டுக்குள்ள போகக்கூடாது. இதை எழுதேக்க எனக்கு இப்பவும் கை நடுங்குது, நானே என்ர கையால பூசினன் எண்டது.

ஆஸ்பத்திரியில டொக்டர் வெறும் பங்கஸ் மருந்து மட்டும் இருக்கிற குளோற்றிமசோல் 1 வீதக் கிறீம் எழுதித் தந்தார். கழுவிக் காயவிட்டு அதை மெல்லிசா முதல் பூசி, தோலோட சேர விட்டிட்டு, அதுக்கு மேல சிங்க் கிறீம். முன்பின்னா மாத்திப் பூசினா, வேலிக்கு வெளியில மருந்து நிக்கும், தோலுக்குப் போகாது. ரெண்டு நாளில பிள்ளை ராவில நித்திரை கொண்டாள். சிவப்புப் போனாப் பிறகும் டொக்டர் சொன்ன நாள் கணக்குக்கு விடாமல் பூசினன், இடையில விட்டா திரும்பி வருமாம்.

நீங்கள் என்னை மாதிரி ஒரு கிழமை பாத்துக்கொண்டிருக்காதேங்கோ. 2, 3 நாள் ஒழுங்காப் பராமரிச்சும் மாறாட்டி, கொப்புளம், சீழ், மஞ்சள் பொருக்கு, ரத்தம் எது கண்டாலும், காய்ச்சல் சேந்து வந்தா, இல்லாட்டி பிறந்து ஒரு மாதம் கூட ஆகாத பிள்ளையெண்டா, கிறீம் தேடாமல் நேர ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்கோ.

துணி நப்பி பற்றியும் சொல்ல வேணும், ஏனெண்டா இப்ப பகலில நான் துணிதான். என்ர அக்காவின்ர மூத்தவன் 2009ல முகாமில கைக்குழந்தை. கிழிச்ச சாரமும் பழைய சீலையும்தான் நப்பி, குடிக்கத் தண்ணிக்கே வரிசை, தோய்க்க எங்க போறது. ஒரு துணியை அரைவாளித் தண்ணியில அலம்பி அப்பிடியே காயப்போட்டுத் திரும்பக் கட்டினவா, அவனுக்குத் தோல் உரிஞ்சு இருந்ததை அக்கா சொல்லேக்க இப்பவும் அழுவா. கிறீம் இல்லாததை விட தண்ணி இல்லாததுதான் தன்ர பிள்ளையைச் சுட்டது எண்டு அவ சொல்லுவா. என்ர மகளுக்குத் தோய்க்கிற துணியை மூண்டு தண்ணியில அலசாமல் அவ விடமாட்டா.

அவ சொல்லுறது சரிதான். சோப் துணியில நிண்டாலே தோல் சிவக்கும். எங்கட கிணத்துத் தண்ணி கடினத் தண்ணி, சோப் நுரைக்காது, எப்பிடி அலசினாலும் துணி காய்ஞ்சா மொடமொடெண்டு அப்பளம் மாதிரி நிக்கும், அதை அப்பிடியே கட்டினா உரசும். நான் நாலு தரம் அலசி, வெயிலில காயப்போட்டு, எடுத்தாப் பிறகு ரெண்டு கையாலயும் கசக்கி மெதுவாக்கித்தான் கட்டுறது. வாசத்துக்கு ஊத்துற கொம்ஃபோட் மாதிரிச் சாமான் ஒண்டும் சேர்க்கிறதில்லை. துணிக்கு மேல பிளாஸ்டிக் ஜங்கி போடுறதுமில்லை, அது போட்டா உள்ளுக்க அவியும். துணி நனைஞ்சது உடன தெரியும், அதால உடன மாத்துவம், அதுதான் துணியின்ர நன்மை. பம்பஸுக்குள்ள இருக்கிற ஜெல் சலத்தை உறிஞ்சி வைச்சிருக்கும், அதால ராவுக்கும் பஸ்ஸில கிளிநொச்சிக்குப் போறதுக்கும் பம்பஸ்தான் நல்லம், அதில நான் பிடிவாதம் பிடிக்கேல்ல. இப்பிடிப் பிரிச்சதில ஒரு பைக்கற் முந்தினதை விட ரெண்டு மடங்கு நாளுக்கு வருது, வீங்கித் தொங்கும் வரைக்கும் விட வேண்டிய அவசியமும் இல்லை.

மார்க் கேட்டா, ஈரச் சிவப்புக்கு சுடோகிறெமுக்கு 10க்கு 9 குடுப்பன். பங்கஸுக்கு தனிய இதை நம்பாதேங்கோ, அது இதின்ர வேலையில்லை. 125 கிராம் டப்பா 5 மாதத்துக்குப் பிறகும் கால்வாசி கிடக்கு.

இப்ப மாரி தொடங்கிட்டுது. ரெண்டு நாள் விடாத மழை, விறாந்தைக் கொடியில 14 துணி தொங்குது, ஒண்டும் காயேல்ல, ஈரவாடை. அரைகுறையாக் காய்ஞ்சதைக் கட்ட எனக்கு மனமில்லை, அதால பம்பஸ் பைக்கற்றைத் திரும்ப உடைச்சாச்சு. நேற்று சித்தி கோல் எடுத்து இன்னொரு டப்பா அனுப்பட்டோ எண்டு கேட்டா. 60 கிராம் சின்ன டப்பா காணும், மிச்ச இடத்தில அங்க விக்கிற வெள்ளை மஸ்லின் துண்டு ஒரு டசின் வையுங்கோ, அது மெல்லிசு, மழைக்கயும் கெதியாக் காயும் எண்டு சொல்லிவிட்டன்.